ரெண்டு மார்க் கேள்விக்குள்ள ஒரு புரட்சி



இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு வரலாறு ஆகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே புத்தகத்தை எடைக்குப் போட்டவங்கதானே நம்மில் பாதிப் பேர்? சரி, ஐரோப்பிய வரலாறு உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பார்த்துடலாம். ஐந்தே கேள்விகள். போனைக் கீழே வெச்சுட்டு யோசிங்க.

1. பிரெஞ்சுப் புரட்சியின்போது ரோபஸ்பியரின் ஆட்சியில் ஒருமுறை சிறைக்குப் போய், அடுத்த வருடமே ரோபஸ்பியரின் ஆள் என்று சொல்லி மறுபடியும் சிறையில் தள்ளப்பட்ட ஆசிரியர் யார்?

2. 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குக் கப்பல் ஏறி, கெய்ரோவில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சிக் கழகத்தின் செயலாளராக இருந்தவர் யார்?

3. 1815-இல் எல்பா தீவிலிருந்து தப்பி வந்த நெப்போலியன் கிரெனோபிள் நகரை நெருங்கியபோது, ஊரை விட்டு அவசரமாக வெளியேறிய மாவட்ட ஆட்சியர் யார்?

4. பூமியைச் சுற்றியுள்ள காற்றுதான் அதைக் கதகதப்பாக வைத்திருக்கிறது என்று 1824-இலேயே விளக்கியவர் யார்?

5. மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பரில் பல பேருக்கு அரியர் வாங்கிக் கொடுத்த தொடர் யாருடைய பெயரில் இருக்கிறது?

அஞ்சாவது கேள்விக்கு எல்லாரும் கை தூக்கியிருப்பீங்க. சந்தோஷம். மத்த நாலு கேள்விக்கும் அதே பதில்தான். ஜோசப் ஃபூரியர்! பிரெஞ்சுக்காரர்கள் ஃபூரியே என்பார்கள். நமக்கு வகுப்பில் பழகின பெயரே இருக்கட்டும்.

ஏ நாட், ஏ என், பி என் என்று நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரத்துக்குப் பின்னால் இருக்கிற மனிதர், ஐரோப்பாவையே புரட்டிப்போட்ட நாற்பது வருடங்களை நடுவில் நின்று பார்த்தவர். அவர் கதையைச் சொன்னால் அந்தக் காலத்து ஐரோப்பாவின் கதையும் கூடவே வந்துவிடும். வாங்க, பார்ப்போம்.

தையல்காரர் மகன்

1768 மார்ச் 21. பிரான்ஸில் ஓசேர் என்ற ஊரில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்தார் ஃபூரியர். வீடு நிறையப் பிள்ளைகள். ஒன்பது வயதில் அம்மா போனார், அடுத்த வருடம் அப்பாவும் போனார். அநாதையான பையனுக்கு அந்த ஊரில் கிறிஸ்தவத் துறவிகள் நடத்திவந்த ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கேதான் கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. பெசூ என்பவர் எழுதிய கணிதப் பாடநூலின் ஆறு தொகுதிகளையும் 14 வயதுக்குள் முடித்துவிட்டார். எரிந்து மிச்சமான மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கி வைத்து, எல்லாரும் தூங்கியபிறகு அந்த வெளிச்சத்தில் படித்தார் என்று சொல்வார்கள்.

படித்து முடித்ததும் பீரங்கிப் படையில் சேர ஆசைப்பட்டார். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அன்றைக்கு அதுதான் நல்ல வேலை. ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மார்க் குறைவு என்பதற்காக இல்லீங்க, பிறப்பு சரியில்லை என்பதற்காக! புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் படை அதிகாரிகளின் பதவி பிரபுக் குடும்பங்களுக்கு உரியது. தையல்காரர் மகன் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது.

பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை எழுதுக என்று ஐந்து மார்க்குக்குப் படித்தோமே, ஞாபகம் இருக்கா? மூன்று வகுப்புகளாகப் பிரிந்த சமூகம், மேல் வகுப்புகளுக்கு மட்டும் சலுகை என்று பாயிண்ட் பாயிண்டாக எழுதினோம். அந்த முதல் பாயிண்ட் ஃபூரியரின் வாழ்க்கையில் இப்படித்தான் வந்து விழுந்தது.

படை இல்லையென்றால் மடம். 1787-இல் துறவியாகும் எண்ணத்தோடு ஒரு மடத்தில் சேர்ந்தார். மனம் மட்டும் கணக்கிலேயே கிடந்தது. 21-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் தன் பழைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த வயதில் நியூட்டனும் பாஸ்கலும் எவ்வளவோ சாதித்துவிட்டார்கள், தான் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்ற ஏக்கம் அதில் இருந்தது. கூடப் படிச்சவன் பிளேஸ்மெண்ட் ஸ்டேட்டஸைப் பார்த்துட்டு ராத்திரி தூங்காம கிடக்கிறோமே, அதே வயசு, அதே ஏக்கம்.

அது நடந்தது 1789 மார்ச்சில். நாலே மாதத்தில், ஜூலை 14 அன்று, பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைத் தகர்த்தார்கள். அந்த வருடமே ஃபூரியர் துறவு ஏற்காமல் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்.

ரெண்டு பக்கமும் அடி

ஊருக்குத் திரும்பித் தான் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். பிறப்பைப் பார்த்துக் கதவடைத்த பழைய உலகம் இடிந்து விழுவதைப் பார்க்கும்போது ஒரு தையல்காரர் மகனுக்கு எப்படி இருந்திருக்கும்? 1793-இல் உள்ளூர்ப் புரட்சிக் குழுவில் சேர்ந்தார்.

ஆனால் அது பயங்கர ஆட்சி தொடங்கிய வருடம். எதிரி என்று யாராவது கை காட்டினால் போதும், கில்லட்டின் காத்திருக்கும். ஃபூரியருக்கு இது பிடிக்கவில்லை. குழுவை விட்டு விலகப் பார்த்தார், முடியவில்லை. ஓர்லியான் நகரத்துக்கு வேலையாகப் போனவர் அங்கே நடந்த அரசியல் சண்டையில் தலையிட்டு, பயங்கர ஆட்சியில் மாட்டிக்கொண்டவர்கள் பக்கம் பேசினார். அது அவர் பெயருக்கு எதிராகப் பதிவாகிவிட்டது. 1794 ஜூலை மாதத் தொடக்கத்தில் கைதானார்.

அடுத்தது கில்லட்டின்தான் என்று அவரே நினைத்திருந்தார். ஆனால் ஜூலை 28 அன்று கில்லட்டினுக்குப் போனது ரோபஸ்பியர். ஆட்சி மாறியது, ஃபூரியர் வெளியே வந்தார். சில வாரங்கள் முன்பின் ஆகியிருந்தால் நம்ம சிலபஸில் ஒரு யூனிட் காணாமல் போயிருக்கும்.

நாட்டுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று புதிய அரசு பாரிஸில் ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. 1795-இல் அங்கே மாணவராகச் சேர்ந்தார் ஃபூரியர். பாடம் நடத்தியவர்கள் லக்ராஞ்சி, லாப்லாஸ், மோஞ்ச். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் நடத்த லாப்லாஸே வகுப்புக்கு வந்தால் எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க!

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. ஊரில் பழைய பகை கிளம்பியது. புரட்சிக் குழுவில் இருந்தவர், அதனால் ரோபஸ்பியரின் ஆள் என்று 1795-இல் மறுபடியும் கைது செய்தார்கள். போன வருடம் ரோபஸ்பியரின் ஆட்சியில் சாகக் கிடந்த மனிதர்! நல்லவேளையாகச் சில மாதங்களில் விடுதலையானார். அப்போதுதான் தொடங்கியிருந்த எகோல் பாலிடெக்னிக்கில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது. பின்னாளில் எத்தனையோ நாடுகளின் பொறியியல் கல்லூரிகளுக்கு முன்மாதிரியாக இருந்த கல்லூரி அது. 1797-இல் லக்ராஞ்சியின் இடத்துக்கே பேராசிரியராக வந்தார்.

எகிப்தும் கலெக்டர் உத்தியோகமும்

1798-இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தார். வீரர்களோடு அறிஞர்கள் குழு ஒன்றையும் கூட்டிப் போனார், அதில் ஃபூரியரும் ஒருவர். பிரெஞ்சுப் படை அலெக்சாந்திரியாவில் இறங்கி ஒரு மாதம்கூட முழுசா ஓடியிருக்காது, ஆங்கிலேயத் தளபதி நெல்சன் நைல் போரில் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்துவிட்டார். திரும்பிப் போக வழியில்லை. 1799-இல் நெப்போலியன் நைசாகப் பாரிஸ் திரும்பி ஆட்சியைப் பிடித்தார். ஃபூரியர் வர 1801 ஆனது. அதுவரை கெய்ரோவில் ஆராய்ச்சிக் கழகத்தின் செயலாளராக இருந்து பழஞ்சின்னங்கள் பற்றிய பதிவுகளையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்.

வந்ததும் பாலிடெக்னிக்கில் பழைய வேலையைத் தொடரத்தான் ஆசை. ஆனால் நெப்போலியன் அவரை 1802-இல் கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்ட இசேர் மாவட்டத்துக்கு ஆட்சியராகப் போட்டார். நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. நெப்போலியனிடம் முடியாது என்று யார் சொல்வது?

போனவர் வேலையை ஒழுங்காகவே செய்தார். புர்குவான் பகுதியில் காய்ச்சல் பரப்பிக்கொண்டிருந்த பெரிய சதுப்பு நிலத்தை, சுற்றியிருந்த ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைத்து வடித்தார். ஆல்ப்ஸ் மலை வழியாக இத்தாலியின் தூரின் நகரத்துக்குச் சாலை போடும் வேலையைக் கவனித்தார். எகிப்து பற்றி அரசு வெளியிட்ட மாபெரும் நூல்வரிசைக்கு முன்னுரை எழுதினார். இவ்வளவுக்கும் நடுவில், கல்லூரியும் இல்லாமல் லேபும் இல்லாமல் அந்த மலையூரில் இருந்துகொண்டு, தன் வாழ்நாளின் பெரிய வேலையைத் தொடங்கினார். வெப்பம் எப்படிப் பரவுகிறது?

இரும்பு வளையம்

ஒரு இரும்பு வளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்குங்க. அப்புறம் தீயை எடுத்துடுங்க. சூடு மெதுவாக மறுபக்கம் போகும், கடைசியில் எல்லா இடமும் சமமாகும். பத்து நிமிஷம் கழித்து, இன்ன இடத்தில் இவ்வளவு வெப்பநிலை என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? ஃபூரியர் இப்படிப்பட்ட வளையத்தை வைத்துச் சோதனையும் செய்தார்.

அடுத்தடுத்த இடங்களுக்குள் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் வெப்பம் ஓடுகிறது. இதிலிருந்து ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு கிடைத்தது. ஒன் டைமென்ஷனல் ஹீட் ஈக்வேஷன்னு 16 மார்க்குக்குப் படிக்கிறோமே, அதேதான்.

சமன்பாடு கிடைத்தால் போதுமா, தீர்க்க வேண்டாமா? தொடக்க வெப்பநிலை சைன் அலை வடிவில் இருந்தால் சுலபம். அலையின் வடிவம் மாறாது, உயரம் மட்டும் நேரம் போகப் போகக் குறையும். நெருக்கமான அலை சீக்கிரம் அடங்கும், அகலமான அலை மெதுவாக அடங்கும். ஆனால் நிஜத்தில் யார் சைன் அலை வடிவில் சூடு பண்ணுவார்கள்? பாதி வளையம் கொதிக்கும், மீதிப் பாதி ஜில்லென்று இருக்கும்.

இங்கேதான் ஃபூரியர் துணிந்தார். எந்த வடிவமாக இருந்தாலும் சரி, சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக அதை எழுதலாம் என்றார். உடைந்த கோடாக இருந்தாலும், படிக்கட்டு மாதிரி திடீரென்று குதித்தாலும் பரவாயில்லை. உடைத்து எழுது, ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக அடங்க விடு, கடைசியில் கூட்டிக்கொள். வேலை முடிந்தது.

வைவா

1807 டிசம்பர் 21 அன்று இந்த ஆய்வு பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. மதிப்பிட வந்தவர்கள் லக்ராஞ்சி, லாப்லாஸ், மோஞ்ச், லக்ருவா. அதில் மூன்று பேர், பன்னிரண்டு வருடம் முன்னால் அவருக்கு வகுப்பெடுத்தவர்கள்.

லக்ராஞ்சி ஏற்கவில்லை. அவர் எதிர்ப்பை வயசானவரின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அதிர்வுறும் கம்பி பற்றி ஆய்லர், டாலம்பேர், டேனியல் பெர்னூலி எல்லாரும் அரை நூற்றாண்டு முன்பு மோதிக்கொண்ட அதே கேள்விதான் இது. சைன் அலை ஒவ்வொன்றும் வழவழப்பாக, எங்கும் உடையாமல் ஓடுவது. அப்படிப்பட்ட கோடுகளைக் கூட்டிக்கொண்டே போனால் திடீரென்று குதிக்கும் கோடு எப்படி வரும்? முடிவில்லாமல் கூட்டும்போது அந்தத் தொடர் ஒரு விடையில் போய் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஃபூரியர் விளக்கங்கள் அனுப்பினார். கணக்குப் போட்டுக் காட்டினார், சோதனையோடு பொருந்துகிறது என்றார். ஆனால் எல்லா நேரமும் பொருந்தும் என்பதற்கான நிரூபணம் அவர் கையில் இல்லை. கட்டுரை அச்சாகவில்லை.

பிறகு அந்தக் கழகமே வெப்பப் பரவல் பற்றிப் பரிசுப் போட்டி அறிவித்தது. 1811-இல் ஃபூரியர் தன் ஆய்வை விரிவாக்கி அனுப்பினார். பரிசும் கிடைத்தது. ஆனால் கூடவே ஒரு குறிப்பு. சமன்பாடு சரி, அதைத் தீர்த்த முறையில் பொதுத்தன்மையும் கறார்த்தன்மையும் போதவில்லை என்று நடுவர் குழு எழுதி வைத்தது. முதல் பரிசு கொடுத்துட்டு, ஸ்டெப்ஸ் சரியில்லைன்னு சிவப்பு மையில் எழுதின மாதிரி. அந்தக் கட்டுரையும் அப்போது அச்சாகவில்லை. ஃபூரியர் ரொம்பவே மனம் நொந்துபோனார்.

நெப்போலியன் வருகிறார்

1814-இல் நெப்போலியன் தோற்று, முடி துறந்து, எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். போகிற வழி கிரெனோபிள் பக்கம் வருவதாக இருந்தது. பழைய எஜமானரைத் தோற்றவராக நேருக்கு நேர் பார்க்க வேண்டிய சங்கடம்! இந்த வழி பாதுகாப்பில்லை என்று ஃபூரியர் சொல்லி அனுப்பியதில் பாதை மாறியது. மீண்டும் வந்த மன்னராட்சியிலும் அவரே ஆட்சியராகத் தொடர்ந்தார்.

ஆனால் 1815 மார்ச்சில் நெப்போலியன் தப்பித்து வந்து, நேராகக் கிரெனோபிளை நோக்கியே நடந்தார். மன்னருக்கு விசுவாசமாக இருங்கள் என்று மக்களுக்கு அறிவித்துவிட்டு ஃபூரியர் ஊரை விட்டுக் கிளம்பினார். நெப்போலியனுக்குக் கடுங்கோபம். ஆனாலும் சில நாட்களில் சமாதானம் ஆகி, அவரை லியோனில் ரோன் மாவட்ட ஆட்சியராக நியமித்தார். மன்னர் பக்கம் இருந்த அதிகாரிகளையெல்லாம் நீக்கு என்று உத்தரவு வந்ததும் ஃபூரியர் அந்தப் பதவியை விட்டுவிட்டார். ஆட்களைக் களையெடுக்கும் ஆட்சி எங்கே போய் முடியும் என்று 26 வயதில் சிறையில் இருந்து பார்த்தவர் அவர்.

ஜூன் 10 அன்று நெப்போலியன் அவருக்கு வருடம் 6000 பிராங்க் ஓய்வூதியம் அறிவித்தார், ஜூலை 1 முதல். ஜூன் 18 அன்று என்ன நடந்தது என்று எந்த வினாடி வினா ரசிகருக்கும் தெரியும். வாட்டர்லூ! ஒரு பைசா வரவில்லை.

47 வயது. வேலை இல்லை, பென்ஷன் இல்லை, புது அரசுக்கு நெப்போலியன் ஆள், நெப்போலியன் ஆட்களுக்கு ஓடிப்போனவர். கைகொடுத்தது பழைய மாணவர் ஒருவர். பாரிஸ் பகுதியின் ஆட்சியராக இருந்த அவர், புள்ளியியல் அலுவலகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். 1816-இல் அறிவியல் கழகத்துக்குத் தேர்வானபோது மன்னர் பதினெட்டாம் லூயி ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள், இந்தமுறை ஒப்புக்கொண்டார்.

1822-இல் வெப்பத்தின் பகுப்பாய்வுக் கொள்கை என்ற அவர் நூல் வெளிவந்தது. முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் 15 வருடங்கள். அதே வருடம் அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளர் ஆனார். அதே 1822-இல்தான் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை ஷாம்போலியோன் அவிழ்த்தார். அவரும் கிரெனோபிளில் வளர்ந்த பையன்தான். எகிப்து முன்னுரை வேலையில் ஃபூரியருக்கு உதவியவர் அவருடைய அண்ணன்.

நாலாவது கேள்வியின் கதையும் வெப்பம்தான். சூரிய ஒளி காற்றைச் சுலபமாகத் தாண்டி வருகிறது. தரையில் பட்டு ஒளியில்லாத வெப்பமாக மாறிய பின் அதே சுலபத்தில் வெளியேற முடியவில்லை. 1824-இல் ஃபூரியர் சொன்ன இதைத்தான் இன்று பசுமைக்குடில் விளைவு என்கிறோம்.

அந்த ரெண்டு மார்க்

இப்போ உங்க கணக்கு நோட்டைத் திறங்க. முதல் யூனிட், முதல் ரெண்டு மார்க் கேள்வி பெரும்பாலும் டிரிக்லேயின் நிபந்தனைகளைக் கூறுக என்பதாக இருக்கும். நாம டிரிச்லெட் கண்டிஷன்ஸ்னு சொல்றது. சார்பு காலமுறையாக இருக்கணும், ஒரு புள்ளிக்கு ஒரே மதிப்பு இருக்கணும், குதிக்கும் இடங்கள் எண்ணக்கூடிய அளவில் இருக்கணும், மேடு பள்ளங்களும் அப்படியே. நாலு வரி. மூச்சு விடாம எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

அந்த நாலு வரிதான் லக்ராஞ்சிக்குக் கொடுக்கப்பட்ட பதில். ஜெர்மன் ஊர் ஒன்றிலிருந்து 17 வயதில் பாரிஸுக்குப் படிக்க வந்தவர் டிரிக்லே. அங்கே ஃபூரியரோடு பழகினார். ஃபூரியரின் தொடர் எப்போது நிச்சயமாக விடையில் போய் நிற்கும் என்று 1829-இல் கறாராக நிரூபித்தார். முதல் வைவா நடந்து 22 வருடம் ஆகியிருந்தது. கேள்வி கேட்ட லக்ராஞ்சி 1813-லேயே இறந்துவிட்டார். ஃபூரியர் உயிரோடு இருந்தார்.

யோசிச்சுப் பாருங்க, இதில் தோற்றவர் யாருமில்லை. ஃபூரியர் சொன்னது சரி, அவர் வழி வேலை செய்தது. லக்ராஞ்சி கேட்டதும் சரி, அந்தக் கேள்வி இல்லாவிட்டால் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று நமக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் எல்லா விடைத்தாளுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1830-இன் தொடக்கத்தில் 18 வயதுப் பையன் ஒருவன் ஒரு பரிசுப் போட்டிக்காக அறிவியல் கழகத்துக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்பினான். செயலாளர் என்ற முறையில் அது ஃபூரியர் கைக்கு வந்தது. எகிப்திலிருந்து திரும்பிய நாள் முதல் உடம்பு சரியில்லாமல், வெயில் காலத்திலும் கனமான உடைகளைச் சுற்றிக்கொண்டு இருந்த ஃபூரியர், மே 16 அன்று இறந்துபோனார். அந்தக் கட்டுரை அவருடைய தாள்களுக்குள் கிடைக்கவே இல்லை. அனுப்பிய பையன் எவரிஸ்ட் கால்வா. இன்னும் இரண்டே வருடத்தில், 20 வயதில், ஒரு துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டுச் செத்துப்போனான். இன்று டீக்கடையில் நாம் ஸ்கேன் பண்ணும் கியூஆர் குறியீட்டில் ஒரு மூலை அழுக்கானாலும் வேலை செய்கிறதே, அந்தப் பிழை திருத்தும் கணக்கு அவன் பெயரால் வழங்கும் கால்வா புலங்களின் மேல் நிற்கிறது.

ஃபூரியரும் இல்லாத இடமில்லை. 4ஜி, வைஃபை, ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ என்று எல்லாவற்றிலும் அலைகளாகப் பிரித்துக் கூட்டும் அவர் வேலைதான் ஓடுகிறது. ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

அவர் இறந்து இரண்டு மாதத்தில், 1830 ஜூலையில், பாரிஸ் தெருக்களில் மறுபடியும் தடுப்பரண்கள் எழுந்தன, இன்னொரு மன்னர் ஓடினார். அந்தக் கேள்வியை அடுத்த இதழ் டெஸ்டுக்கு வெச்சுக்குவோம். அதுக்குள்ள இன்டர்னல்ஸ் வருது. டிரிக்லே நிபந்தனையை ஒருதடவை பார்த்துட்டுப் போங்க. இந்தமுறை அது மறக்காது.